இறவாமை

ஹீட்டர் குமிழின்மேல் மஞ்சள் டேப்பை
ஒட்டி வைத்திருக்கிறாள் டெல்ஃபீனா பாரோஸ்.
பழக்கத்தில் கை போய்விடும் என்று.

வெளியே டிசம்பர்.
காருக்குள்ளும் டிசம்பர்.
பின்னிருக்கையில்
வாழைப்பழம் வந்திறங்கிய அட்டைப்பெட்டிகளில்
ஏழு பேர்.
ஆளுக்கொரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்.
மெக்சிகோ மணலில் பொரிந்து
கோடையின் வெதுவெதுப்பைப் பிடித்துக்கொண்டே வடக்கே வந்து
கேப் காட் மடக்கிய முழங்கைக்குள்
நுழைந்துவிட்டவை.
போதும், தெற்கே திரும்பலாம் என்று தோன்றியபோது
தெற்கில் நிலம் இருந்தது.
தண்ணீர் குளிர்ந்தது.
நீந்தியவை மிதந்தன.
அப்புறம் காற்று பார்த்துக்கொண்டது.

வெல்ஃப்ளீட் கரையில் விடியுமுன்
டார்ச்சோடு நடந்து எல்ட்ரெட்ஜ் பொறுக்கியவை.
கடலுக்குள் திருப்பி விடாதே.
அலை எட்டாத இடத்துக்கு இழு.
காய்ந்த பாசியால் மூடு.
பக்கத்தில் ஒரு குச்சி நடு.
தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு
அடக்கம் செய்வது போலத்தான் இருக்கும்.

செத்துவிட்டதா?
தெரியாது.
நிமிஷத்துக்கு ஒரு துடிப்பு,
சில நிமிஷங்களில் அதுவும் கடன்.
சூடேறும்வரை எதையும் பிணம் என்று சொல்லக் கூடாது.
சூடும் மெல்லத்தான் ஏற வேண்டும்,
நாளுக்கு இரண்டு மூன்று டிகிரி.
அவசரப்பட்ட இரக்கம் கொன்றுவிடும்.
ஆகவே
இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளிக் குல்லாய்,
ஸ்டியரிங்கில் மரத்துப்போன பத்து விரல்.
பகலெல்லாம் சலவைக்கடை நீராவியில்
வேகிறவள் அவள்.

சாகமோர் பாலத்துக்கு முன்னால்
பெட்ரோல் போட்ட பையன் கேட்டான்:
"ஹீட்டர் ரிப்பேரா மேடம்?"
பின்கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான்.
மூன்றாவது பெட்டியிலிருந்து
துருப்பிடித்த கதவு திறப்பது போல்
ஒரு மூச்சு.
காப்பிக்கு அவன் காசு வாங்கவில்லை.

அசையாமை, இயலாமை, இறவாமை.
எந்தச் சொல்லின் வாலைப் பிடித்தாவது
ஆமை வந்து சேர்ந்துவிடுகிறது.

ஆஸ்பத்திரியில்
கழுத்தோரம் கருவியை வைத்து
டாக்டர் ஹால்வர்சன் காத்திருந்தார்.
அறையில் இருந்த நாலு பேரும்
தங்கள் மூச்சைக் கொஞ்சம் நிறுத்திக் கொடுத்தார்கள்.
டுப்.
வெள்ளை மையால் ஓட்டின்மேல் எண்கள்:
212 முதல் 218 வரை.

வெள்ளிதோறும் போன் போடுவாள்.
நிமோனியா. ஊசி. எக்ஸ்ரே.
216 இன்று பத்து நிமிஷம் நீந்தியது.
217 மீனைத் துப்புகிறது.
214?
எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம்.
அன்று ஒரு மோட்டல் போர்வையை
மூன்று தடவை மடித்தாள்.
மூன்று தடவையும் ஓரம் சேரவில்லை.

ஜூலை. கயிறு கட்டிய கடற்கரை,
கூட்டம், கேமரா, ஐஸ்கிரீம்.
டிராஃபிக்கில் மாட்டி
டெல்ஃபீனா வந்து சேர்ந்தபோது
ஆறும் போய்விட்டிருந்தன.
துடுப்புத் தடங்கள் மட்டும் மணலில்.
பாதியை ஏற்கெனவே
அலை வாங்கிக்கொண்டிருந்தது.
"ஒண்ணுகூடத் திரும்பிப் பார்க்கல"
என்று ஒரு சிறுமி குறைப்பட்டாள்.
"நல்லது" என்றாள் டெல்ஃபீனா.
வேறு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கார் அடுப்பாகக் கொதித்தது.
வெயிலில் டேப்பின் பசை இளகி
ஒரு முனை எழும்பியிருந்தது.
பிய்க்கப் போனவள்
கட்டைவிரலால் அழுத்தி
மறுபடி ஒட்டினாள்.