ஆயிரத்து ஐந்நூறு சுற்று

ஹோலுக்குள்ளே எனக்குக் கதிரை இல்லை.
நான் ஜெனரேட்டர்காரன்.
டச்சுக்குடா வீதியில், மதிலோரம்,
வேம்போடு சங்கிலி போட்டுக் கட்டிய மெஷினுக்குப் பக்கத்தில்
கவிழ்த்த வாளிதான் என் முதல் வரிசை.

ஆறேமுக்காலுக்குக் கரண்ட் போனது.
ஏழுக்கு நிகழ்ச்சி.
சாவியைத் திருப்பினேன். இரண்டு தரம் இருமிவிட்டு
மூன்றாம் தரம் ஒத்துக்கொண்டது.

யன்னலுக்குள்ளால் தெரிந்தது பாதி மேடை:
டெரில் பார்தலோட்டின் சக்ஸபோன், அதன் வாய் மட்டும்.
கிண்ணியா இஃப்லாலின் வலது கையும் பிரஷும்.
கொழும்பிலிருந்து பஸ்ஸில் இரண்டு டிக்கட் எடுத்து
ஆளுயரப் பேஸைக் கொண்டுவந்த தினுக என்ற பெடியன்.
கவிதை வாசிக்கிற தர்ஷாயினி தெரியவில்லை,
குரல் மட்டும்.

ஜாஸ் எனக்குத் தெரியாது.
எஞ்சின் தெரியும்.
சத்தத்தில் எது சுகம் எது நோய் என்று
இருபத்திரண்டு வருசமாகக் காதைக் கொடுத்துத்தான் சோறு.
முதல் கால்மணி நேரம் உள்ளே நடந்தது எனக்கு நோய்:
ஒருவன் முந்துகிறான், ஒருவன் பிந்துகிறான்,
டைமிங் பிசகின லொறி கண்டி ரோட்டில் ஏறுகிற மாதிரி.
கழற்றித் தரச் சொன்னால் கழற்றியிருப்பேன்.

அப்போது அவள்
'பிறகு' என்றாள்.

மூதூர் வள்ளத்துக்கு டிக்கட் வாங்கியதைச் சொன்னாள்,
நனைந்த மிச்சக்காசைச் சொன்னாள்,
பிறகு.
பக்கத்தில் இருந்தவரின் மடியில் ஒரு சுவர்க்கடிகாரம்,
அது ஓடிக்கொண்டிருந்ததைச் சொன்னாள்,
பிறகு.
அதற்குமேல் இல்லை.
கடதாசியில் இருந்ததோ என்னவோ,
இருட்டில் படி தேடுகிற கால் மாதிரி
அந்தச் சொல்லை வைத்துவிட்டு நின்றாள்.

சக்ஸபோன் எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.
எடுக்கவில்லை.
டிரம்மும் இல்லை.
ஹோல் முழுக்கக் கேட்டது ஒன்றே ஒன்று,
என் மெஷின்.

காது சுட்டது எனக்கு.
தாலி கட்டுகிற நேரம் பின்வளவில்
கிடாரத்தை உருட்டினவன் மாதிரி.
சாக்கு எடுத்து மூடுவமோ என்று நான் எழும்ப
பேஸ்காரப் பெடியன் குனிந்து
தடித்த நரம்பை ஒரு மயிரிழை முறுக்கி
விரலால் இழுத்துவிட்டான்.
எது நரம்பு, எது மெஷின் என்று
எனக்கே பிரிக்க முடியவில்லை.

நிமிசத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று.
அதற்கு ஒரு சுரம் உண்டென்று
விற்ற கடைக்காரனும் சொல்லவில்லை.

யாரோ உள்ளே விசிறியைப் போட்டார்கள்.
பாரம் ஏற, எஞ்சின் ஒரு கணம் தொய்ந்து நிமிர்ந்தது.
சக்ஸபோனும் கூடவே தொய்ந்து
கூடவே நிமிர்ந்தது.
இஃப்லால் சிரித்தது வாளி வரைக்கும் கேட்டது.
அதன்மேல் அவள் நடக்கத் தொடங்கினாள்:
பிறகு, இறங்குதுறை. பிறகு, வழுக்கும் பலகை.
பிறகு, ஒருவரும் அடையாள அட்டை கேட்காத ஒரு காலை,
கேட்காததாலேயே பயந்த ஒரு காலை.

ரோட்டில் ஒரு புள்ளிமான்
மதிலில் ஒட்டிய நோட்டீசை உரித்துத் தின்றது,
அவளுடைய பெயரிலிருந்து தொடங்கி.

எட்டுப்பத்துக்கு வீதி விளக்கு வந்துவிட்டது.
கடற்கரை, கோட்டை வாசல், ஆஸ்பத்திரிப் பக்கம், எல்லாம்.
மாற்றுச் சுவிட்சின் கைபிடி என் கையில்.
தள்ளினால் நகரத்தின் கரண்ட்,
சத்தமில்லாத, மலிவான, நியாயமான கரண்ட்.
உள்ளே நாலு பேர்
என் மெஷினின்மேல் ஏறி நிற்கிறார்கள்.
டாங்கியில் கால்பங்கு டீசல்.

இருந்தேன்.

கடைசி வரி எனக்குக் கேட்கவில்லை.
கைதட்டல் வந்து மூடிவிட்டது.
அவள் கரையேறினாளா,
அந்த மணிக்கூடு என்னானது, தெரியாது.

'கரண்ட் எட்டுப்பத்துக்கே வந்திட்டுதாமே?'
ஏற்பாட்டுக்காரர் பில்லைப் பார்த்துக் கேட்டார்.
வந்தது என்றேன்.
ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு வெட்டி எழுதினேன்.

பேஸ்காரப் பெடியன் வெளியே வந்து
மெஷினில் கையை வைத்து, சூடு பட்டு எடுத்தான்.
தமிழில் தேடித் தேடி
'நல்லா... வாசிச்சது' என்றான்.
என்னைச் சொன்னானா, அதைச் சொன்னானா,
நான் கேட்கவில்லை.