இருபத்தொன்றே முக்கால்

ஐந்தே முக்காலுக்கு முன்
யாரும் தூண்டில் வீசக் கூடாது.
அதனால் நாற்பத்தொரு கயாக்குகள்
பனிமூட்டத்துக்குள் சும்மா மிதக்கின்றன
கடை திறக்கக் காத்திருப்பவர்கள்போல
ஒருவர் சாமானை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி.

ஹார்லன் ப்ரூவிட்டிடம் பதினொரு தூண்டில்கள்.
முதுகுக்குப் பின்னால் முள்ளம்பன்றி உட்கார்ந்திருக்கிறது.
என்னிடம் நான்கு.
ஒன்றின் முனை போன வருடம் ஷெட் கதவில் நசுங்கி
ஒரு சாண் குறைந்துபோனது.
அதுதான் எனக்கு ராசி.

வாரத்தில் ஐந்து நாள்
பள்ளிக்கூட பஸ்களுக்கு அடியில் மல்லாந்து கிடப்பவள் நான்.
சனிக்கிழமை நிமிர்ந்து உட்கார்ந்து
பன்னிரண்டடி பிளாஸ்டிக்கை மிதித்துப் போகிறேன்.

டென்னசியில் அணைகள் வந்தபோது
முழுகிய ரோடுகளில் ஒன்று
என் சோனார் திரையில் கோடாக வருகிறது.
அதன் விளிம்பில்தான் பாஸ் மீன்கள் நிற்கும்
அடுத்த பஸ் எப்போது என்று
யாரும் சொல்லாத நிறுத்தத்தில்.

ரப்பர் புழுவின் வயிற்றில் கொக்கியைப் புதைத்து
ஈயத்தை முன்னால் ஓடவிட்டு
பாசிக்குள் இறக்குகிறேன்.
ஒரு தட்டு.
இன்னொரு தட்டு.
மூன்றாவதுக்குக் காத்திருந்தால் துப்பிவிடும்.

எடை இங்கே செல்லாது. நீளம்தான்.
ஐந்து மீன். பலகையில் கிடத்து.
மூக்கு முட்ட வேண்டும், வாய் மூட வேண்டும்,
இன்றைய எண் அட்டை படத்தில் விழ வேண்டும்.
பிறகு விட்டுவிடு.

பதினைந்தேகால்.
பதினாறரை.
பதினான்கு, அது வெறும் குஞ்சு.
பதினேழு.
அப்புறம் மூன்று மணி நேரம்
வெயிலைத் தவிர எதுவும் கடிக்கவில்லை.

இரண்டு மணிக்கு முடிகிறது போட்டி.
ஒன்று நாற்பதுக்கு
ஒடிந்த தூண்டில் தண்ணீருக்குள் தலை குனிந்தது.
கயாக்கையே திருப்பி இழுத்துக்கொண்டு போனது அது.
பெடலில் பாசி சுற்றி, நானும் சுற்றி,
வலைக்குள் வந்தபோது
என் முழங்கால் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

பலகையில் கிடத்தினேன்.
மூக்கு முட்டியது. வாய் மூடியது.
வால் போய் நின்ற இடத்தை
இரண்டு தடவை படித்தேன்.
போனைத் தூக்கினேன்.

கழுவாத மீன்தான். ஆனாலும் நழுவியது.

படம் மட்டும் வந்திருக்கிறது:
என் கட்டைவிரல் பாதி,
எண் அட்டை பளிச்சென்று,
நடுவில் ஈரமான வெறும் பலகை,
மேல் ஓரத்தில் ஒரு துளி
இன்னும் கீழே விழாமல்.

அதையும் அனுப்பினேன். ஏன் என்று தெரியவில்லை.
தார்ப்பாய்ப் பந்தலுக்குள் நடுவர் ஒடெஸா க்ரம்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தாள்.
"எண் ரொம்பத் தெளிவாக இருக்கிறது, வெர்லீ" என்றாள்.
பூஜ்யம் போட்டாள்.

ஹார்லனுக்கு எழுபத்தொன்பதரை, காசோலை, கைதட்டல்.
எனக்கு அறுபத்திரண்டே முக்கால். பத்தொன்பதாவது இடம்.

படகுத்துறையில் எல்லோரும் கேட்டார்கள், எவ்வளவு பெரிசு?
மீன்காரர்களின் இரண்டு கைகளுக்கு நடுவில்
உலகத்தில் எவ்வளவு பொய் இருக்கிறது என்று
எனக்குத் தெரியும்.
கையை விரிக்கவில்லை.
பலகையைக் காட்டினேன்.

காய்ந்த வழவழப்பு, கண்ணாடித் தாள்போல.
அது முடிகிற இடத்தில் ஒரே ஒரு செதில்.
ஹார்லன் குனிந்து நகத்தை வைத்துப் பார்த்தான்.
"இருபத்தொன்றே முக்கால்."
கொஞ்சம் பொறுத்து,
"வாய் மூடியிருந்ததா?"
"மூடியிருந்தது."
கூட்டிப் பார்க்கிறான் என்று உதடு அசைவதில் தெரிந்தது.
காசோலையை மடித்துப் பையில் வைத்தான்.
என் கயாக்கின் ஒரு முனையைத் தூக்கினான்,
கேட்காமலே.

குக்வில் தாண்டும்போது தூறல் விழுந்தது.
டிரக்கை ஓரம் கட்டினேன்.
துடுப்பு நனையட்டும். தூண்டில்கள் நனையட்டும்.
பலகையை மட்டும் எடுத்து
முன்சீட்டில் சாய்த்து
பெல்ட் போட்டுவிட்டேன்.