சாட்சி எண் ஒன்று

கானாடுகாத்தானில் ஓட்டலாக மாறிய வீட்டில்
பதினாறு குளியலறை. நான் கழுவியது ஒன்பது.
பத்தாவதில் ஜன்னலை ஆணியடித்து மூடியிருந்தது.

"பவுடர் மேலேயே ஆசிட்டை ஊத்து,
நாலு மணிக்கு விருந்தாளி வர்றாங்க" என்றார்
சூப்பர்வைசர் சாத்தப்பன்.
பச்சையும் மஞ்சளுமாய் ஒரு புகை.
அதற்கப்புறம் தேவகோட்டை ஆஸ்பத்திரியின் மின்விசிறி.

மூன்று வருஷம். மதுரைக்குப் பதினோரு வாய்தா.
வருகைப் பதிவேட்டில் பூமயில் என்று
யாருமே இல்லையாம்.

இன்றைக்கு எதிர்த்தரப்பு வக்கீல்
ஒரு புட்டியின் மூடியைத் திருகி நீட்டினார்:
"இந்த நெடிதானா அம்மா?
நல்லா மோந்து பார்த்துச் சொல்லுங்க."

டைப் அடிக்கிற பெண் முந்தானையை எடுத்தாள்.
டவாலி இருமிக்கொண்டே கதவைத் திறந்தார்.
ஆணையர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.
நான் இன்னும் கிட்டே போனேன்.
தண்ணீர் மாதிரி இருந்தது.

"தெரியலைங்க."

அடையாளம் காட்ட இயலவில்லை என்று
பதியச் சொன்னார் அவர், திருப்தியாக.

என் வக்கீல் நாச்சம்மை எழுந்தாள்.
"பதியுங்க ஐயா, அதேதான் எங்க வழக்கு.
இங்கே இருமினவங்க பேரையும் சேர்த்துப் பதியுங்க."

இருமலைப் பதிய விதியில்லையாம்.
அடுத்த வாய்தா இருபத்து மூன்று.

பள்ளத்தூரில் இறங்கும்போது இருட்டிவிட்டது.
அடுப்படியில் ரெகுலேட்டரை
ஒருதரம் திருகினேன், மறுபடி திருகினேன்.
தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு
மகளைக் கூப்பிட்டேன்:
"இங்கே வாடி, மோந்து பாரு,
பத்த வைக்கலாமா?"