மற்றவை: குறிப்பிடுக

காலை ஆறு நாற்பதுக்கு
எலியின் பெருங்குடலை வெட்டியெடுத்து
முப்பத்தேழு டிகிரி உப்புநீரில் கிடத்துகிறேன்.
ஒரு விரல் நீளம். இரு முனையிலும் நூல்முடிச்சு.
பக்கத்தில் ஆக்ஸிஜன் குமிழி விட்டபடி.
கொஞ்ச நேரம் கோபித்துக்கொண்டதுபோல் கிடக்கும்.
பிறகு
ஒரு சுருக்கம் மேல்முனையில் பிறந்து
கீழே நடந்து போகும்.
தலை இல்லை. தண்டுவடம் இல்லை.
தள்ளிவிட உள்ளே எதுவுமில்லை, வெறும் நீர்.
அது தன் வேலையைப் பார்க்கிறது.

முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டு,
அதற்குமேல் தோஹாவில் மூன்றாண்டு,
இந்த நடையைத்தான் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன்.
வரன் கேட்பவர்களிடம் வீட்டில்
மூளை ஆராய்ச்சி என்று சொல்கிறார்கள்.
முழுப் பொய்யில்லை.

வியாழன் மாலைகளில் கேள்வித்தாள்.
இன்டஸ்ட்ரியல் ஏரியா கிளினிக்கின் பின்னறை,
ஏசி சொட்டும் பக்கெட்,
எதிரே சேவுகமூர்த்தி, நாற்பத்தொன்று,
டவர் கிரேன் ஓட்டுநர், இளையான்குடிக்கு அந்தப்புறம்.
"ஏறிட்டா மதியம்தான் மேடம் எறக்கம்.
ஏணியே இருபத்திரண்டு நிமிஷம்.
அதான் காலைல சாப்பிடுறதில்ல.
சாப்பிடாட்டியும் வருது."
எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை.
ரத்தத்தில் ஒன்றுமில்லை.
"ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே
நானூறு ரியால் வாங்கிட்டாங்க."

கேள்வி ஒன்பது:
வயிற்று அசௌகரியம் எப்போது அதிகம்?
உணவுக்கு முன். உணவுக்குப் பின். இரவில்.
பேனா மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி
அவர் சொன்னார்:
"வாக்கி டாக்கில ஃபோர்மேன் என் பேரைக் கூப்பிடறப்ப.
வயித்துல புளியைக் கரைக்கும்ல, அப்படி."

கட்டம் இல்லை.
'மற்றவை: குறிப்பிடுக' என்ற கோட்டின்மேல்
புளி என்று எழுதினேன். தமிழில்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்
டாக்டர் ரீமா இத்தானி தாளைத் தலைகீழாகவும் பார்த்தார்.
தமர் ஹிந்தி, என்றேன்.
வயிற்றில் அதைக் கரைத்தால் எங்கள் ஊரில் பயம்.
"நாங்கள் அதைக் குடிக்கிறோம்,
நோன்பு திறந்து, ஐஸ் போட்டு"
சிரித்தவர் பாதியில் நிறுத்தி
பெய்ரூட்டில் ஏழு வயதில்
ஒரு படிக்கட்டின் அடியில் இருந்ததைச் சொன்னார்.
எத்தனை இரவு என்று சொல்லவில்லை.
பிறகு எக்செலில் புதிதாக ஒரு பத்தி திறந்தார்.
அடுத்த மாதத்துக்குள் பதினொரு பேர் அதில் வந்து விழுந்தார்கள்.
நான்கு பேர் நேபாளிகள்.
அவர்கள் சொன்னது வேறு சொல்.

இன்று காலை மின்னஞ்சலில்
ஒப்பந்தப் புதுப்பிப்பு தொடர்பாக, மனிதவளத் துறை.
திறக்கவில்லை.
அடிவயிறு முந்திக்கொண்டு திறந்து படித்துவிட்டது.
கழிப்பறையிலிருந்து திரும்பி வந்தால்
மானிட்டரில் அந்த விரல்நீளத் துண்டு,
யாரும் கூப்பிடாத நிதானத்தில்,
நிமிடத்துக்கு ஒரு நடை.
சற்றுப் பொறாமையாக இருந்தது.
ஒன்பதரைக்கு நீர் மாற்றவேண்டும், மாற்றினேன்.

போனில் ஒரு குரல்பதிவு.
காற்று இரைகிறது, உயரத்தில் இருக்கிறார்:
"மேடம், சேவுகமூர்த்தி.
சைட் மாத்திட்டாங்க. புது கிரேனுக்கு லிஃப்ட் இருக்கு.
மூணு நிமிஷத்துல கீழ.
ஆனா இந்தக் கழுதை இன்னும் ஏணின்னே நெனச்சுட்டிருக்கு.
அதுக்கு யாராச்சும் எடுத்துச் சொல்லணும்.
வியாழக்கிழமை வரவா?"