பத்து நிமிஷம்

காந்தி ரோட்டு லாட்ஜில் மூன்றாவது மாடி.
கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி, அதில் நான்.
பக்கத்து அறைகளில் வங்காளத்து நோயாளிகள்,
நடுராத்திரியிலும் யாரோ கடுகெண்ணெய் காய்ச்சுகிறார்கள்.
இந்தத் தெருவில் யார், எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள்.
என்ன நோய் என்று மட்டும் கேட்பார்கள்.
கிட்னி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
சலோமியின் அக்குளில் ஒரு மஞ்சள் ஃபைல்,
உள்ளே என் வீட்டுப் பழைய கரண்டு ரசீதுகள்.

பதினோரு நாள். மே மாதத்து வேலூர்,
பன்னிரண்டு மணிக்கும் சுவர் சுடுகிறது.
அகழிப் பக்கமிருந்து வரவேண்டிய காற்று
வழியில் எவனிடமோ மாட்டிக்கொண்டது.
இடுப்பில் கையெழுத்துப் போட்டு வாங்கிய துப்பாக்கி.
பத்து ரவை. திருப்பித் தரும்போதும் பத்து இருக்கவேண்டும்,
குறைந்தால் நாலு பக்கம் எழுதவேண்டும்.
இருபத்தாறு வருஷத்தில் நான் சுட்டது
ஒரு வெறிநாயை. அதுவும் படவில்லை.

அவள் நகங்கள் நீலம்.
தோல் ஷாப்பில் குரோம் ஊறி ஏறிய நீலம்,
லாட்ஜு சோப்புக்கு இறங்கவில்லை.
ராணிப்பேட்டைக்குக் கீழே, பாலாற்றில்,
கழிவு டேங்கர் ஒன்று பின்பக்கமாக இறங்கியதையும்
போனைத் தூக்கிப் படமெடுத்த பையன்மேல் ஏறியதையும்
ஷிப்டு முடிந்து கருவேல மறைவில் ஒதுங்கியவள்
உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தாள்.
"மொத வாட்டி தெரியாம ஏத்திட்டான்னு வச்சிக்க சார்.
ரெண்டாவது வாட்டி கிளீனர் பையன் எறங்கி
வரலாம் வரலாம்னு கை காட்டினான்."

ஒன்றரைக்கு போன். கஜபதி.
என் பேட்ச். பாகாயத்தில் ஒரே அறையில் இருந்தோம்,
என் மகளுக்கு முதல் தோடு வாங்கித் தந்தவன்.
"இன்னா ரத்தினம், தூங்கலியா?
கீழ கடை தெறந்துதான் கீது.
ஒரு டீ அடிச்சிட்டு வாயேன். பத்து நிமிஷம்."
"டீய வுட்டுட்டம்பா."
சிரித்தான். "எப்பலேந்து?"
"இப்பலேந்து."
அவன் பேசாதிருந்த நேரத்தில்
அங்கே ஒரு வண்டி அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது.

பின்படி, ஈரப் போர்வைகள், ஜெனரேட்டர் சந்து.
அவளுக்குச் செருப்பு மாட்ட நேரமில்லை.
பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அந்நேரத்துக்கே
பாதி இந்தியா வரிசையில் குந்தியிருந்தது.
நடுவில் போய்க் குந்தினோம்.
அஸ்ஸாமோ ஜார்க்கண்டோ, ஒரு பெரியவர்
தன் ஜமுக்காளத்தின் ஓரத்தை எங்கள் பக்கம் தள்ளினார்.

ரெண்டு பேர் வந்தார்கள்,
முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு.
ஒருவன் கையில் மடித்த துண்டு, கனமாக.
நான் நீலத்தை மறைக்க அவள் விரல்களைப் பிடித்தேன்.
சலோமி இருமினாள்.
நடிப்பில்லை, தோல் ஷாப்பு இருமல்,
பதினைந்து வருஷ அடியிலிருந்து வந்தது.
மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

விடியும்போது கேட்டாள்:
"நீ அவங்ககிட்ட துட்டு வாங்கிக்கிறியா சார்?"
பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது.
"ரெண்டு வாட்டி. ஒண்ணு பொண்ணு காலேஜுக்கு.
இன்னொண்ணு..."
எதற்கென்று எனக்கு ஞாபகம் வரவில்லை.
அவள் பன்னைப் பிய்த்தாள்.
பெரிய துண்டைத் தானே வைத்துக்கொண்டாள்.
சின்னதை நீட்டினாள்.

சத்துவாச்சாரி கோர்ட்டு, பத்தேமுக்கால்.
வெறுங்காலோடு கூண்டில் ஏறினாள்.
அமாவாசை இருட்டில் கிளீனர் முகம்
உனக்கெப்படித் தெரிந்தது என்றார் அவர்கள் வக்கீல்.
"பின்னால வர்ற வண்டிக்கு
பின்னால வெளக்கு எரியும் சார்."

வராந்தாவில் கஜபதி, கையில் இரண்டு டீ.
ஒன்றை என் பக்கம் நீட்டினான்.
ஆடை கட்டும்வரை நீட்டிக்கொண்டே நின்றான்.
இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், பத்தும் இருந்தன.
சட்டைப்பையில் உத்தரவுத் தாள்:
சாட்சி சொல்லி முடிக்கும்வரை பாதுகாப்பு.
சாயங்காலம் இவளை எங்கே விடுவதென்று
பின்பக்கத்தைத் திருப்பியும் பார்த்தேன்.