ஆறும் வரை

இந்தக் கார்டில் ஒரு பாலத்தின் படம்.
ஐந்து மைல் நீளம்,
மிச்சிகனின் இரண்டு துண்டு நிலத்தையும்
இழுத்துப் பிடித்திருக்கும் பாலம்.
என் எண் ஏழில் முடிவதால்
மாதம் பதினேழாம் தேதி இதில் பணம் விழும்.
அடுத்த மாதம் எட்டு வரை பாலம் தாங்கும்,
கிழங்கும் ஓட்ஸும் என்று இருந்தால்.
பிறகு தண்ணீரில்தான் நடக்கவேண்டும்.

இன்று தேதி ஆறு.
கார்டில் ஆறு டாலர் பதினோரு சென்ட்.
மணி ஆறு நாற்பது.

கடைக்கோடியில் கண்ணாடிக்குள்
இரண்டு கோழிகள் வியர்த்துக்கொண்டு சுழல்கின்றன.
சூடாக எடுத்தால் எட்டு டாலர்,
அதற்கு இந்தக் கார்டு செல்லாது.
ஏழு மணிக்கு மேல் விற்காததை
லைல் குளிர்பெட்டிக்கு மாற்றி
வேறு சீட்டு ஒட்டுவான். ஐந்து டாலர்.
இப்போது கார்டு செல்லும்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சியாம்.
ஆறின கோழிதான்
அரசாங்கத்தின் கணக்கில் சாப்பாடு.
கோழி ஆறினால் எங்களுக்குப் பசி ஆறும்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து.
ஹேன்காக் ஊரே ஒரு குளிர்பெட்டி.
வாசலில் இரண்டு நிமிடம் தூக்கிப் பிடித்தால்
கல்லாகிவிடும் கோழி.
ஆனால் சட்டத்துக்குப் பனியைத் தெரியாது,
சீட்டைத்தான் தெரியும்.

கடுகுச் சாந்து அடுக்கின் முன்னால் நிற்கிறேன்.
அங்கிருந்து பார்த்தால் கண்ணாடி தெரியும்.
எனக்கு முன்பே அங்கே ஒருத்தி,
ஒரே புட்டியை நாலாம் முறையாகப் படிக்கிறாள்.
மார்லிஸ் கோஸ்கி.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
எனக்குச் சம்பளச் சீட்டு எழுதியவள்.
துணிகளை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்;
வெளுத்தவளும் இல்லை, எழுதியவளும் இல்லை.

"கடுகு விலை ஏறிப்போச்சு" என்றாள்.
"ஆமா" என்றேன்.
இருவர் கூடையிலும் கடுகு இல்லை.

பனி தள்ளும் வண்டிக்காரன் ஒருவன்
பூட்ஸில் ஐஸ் உதிர வந்து
ஒரு கோழியைச் சூட்டோடு கொண்டுபோனான்.
அவன் என்ன செய்தான் பாவம்,
பசித்தது, காசு இருந்தது.
ஆனாலும் அவன் முதுகை
கதவு மூடும்வரை முறைத்தேன்.

ஏழு. லைல் அடுப்பை அணைத்தான்.
கோழியின் நெஞ்சில் கம்பியைக் குத்தி
சூடு பார்த்தான், எழுதினான்,
எங்களைப் பார்த்தான்.
ஒன்றுதான்.

"நீ எடுத்துக்கோ, வெர்னா."
"நீதான் முதல்ல வந்தே."
"பாதி?"
"நெஞ்சுக்கறி நீ வச்சுக்கோ. எலும்பு எனக்கு."
"நான் எலும்புக்குத்தான் நின்னேன்!"
சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.
எலும்பு என்றால் மூன்று நாள் சூப்,
இது இரண்டு பேருக்கும் தெரிந்த கணக்கு.

என் கார்டில் பில் போட்டோம்.
ரகசிய எண்ணைக் கையால் மறைத்து அழுத்தினேன்,
மிச்சம் ஒரு டாலர் பதினோரு சென்டை
யாரோ களவாட வருவதுபோல.
மார்லிஸ் தன் கார்டைத் தேய்த்து
எனக்கொரு பை காரட் தந்தாள்.
லைல் பெரிய கத்தரியை எடுத்து
நடுமுதுகில் நேராக வெட்டினான்.
கழுத்து யாருக்கு என்று அவனும் கேட்கவில்லை,
நாங்களும் பேசவில்லை.
வீட்டில் பிரித்தபோது என் பொட்டலத்தில் இருந்தது.

முந்நூற்றைம்பது டிகிரி.
என் அடுப்பில் அந்தப் பாதிக்கோழி
மறுபடி சட்டத்தை மீறியது.
தோல் சுருங்கி, கொழுப்பு பொரிந்து,
ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி.
ஆன்சல் தட்டோடு வந்து நின்றான்.
பிரிட்டா கையை நீட்டிவிட்டாள்.

"பொறு, சுடும்" என்றேன்,
"ஆறட்டும்."

விரலைச் சப்பிக்கொண்டு கேட்டாள்:
"கடையிலேயே ஆற வச்சுத்தானே
வாங்கிட்டு வந்தே?"