இணைப்பு நான்கு

நீதிமன்ற வாசலுக்கு நேரெதிரே
போட்டோக்கொப்பி, தட்டச்சு, லமினேட்டிங்.
பதினாறு வருஷமாய் என் கடை.
வெயில் ஏறுமுன் மான்கள் வரும்,
வாளியில் கிடக்கும் பிழைத்தாள்களைத் தின்னும்.
எத்தனையோ பேரின் ‘மேற்படி எதிர்மனுதாரர்’
அவற்றின் வயிற்றில்தான் செரித்துப்போனார்.

பூபாலபிள்ளை குடாவின் அக்கரையிலிருந்து
முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.
கையில் நான் அடித்துக்கொடுத்த சத்தியக்கடதாசி,
பத்து வருஷப் பழுப்பு.
நாலாம் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார்.

‘இணைப்பு நான்கு:
மனுதாரரின் வீட்டினதும் கிணற்றினதும் நிழற்படம்
கீழ்க்காணும் இணைப்பில் காண்க.’

அதன் கீழே ஏழு எழுத்து.
இரண்டின்மேல் நீதிமன்றத்தின் ஊதா முத்திரை,
இன்னும் மங்காமல்.

நினைவிருக்கிறது.
முதலில் வந்த முகவரி மூன்று வரி நீளம்,
சதவீதக் குறியும் சமன் குறியுமாய்
முள்ளுக்கம்பி போலக் கிடந்தது.
குறுக்கித் தரும் இடமொன்று இருந்தது, இலவசம்.
நான் நாற்பது ரூபா வாங்கினேன்.
அந்த நேரம் அது பெரிய கெட்டித்தனம்.

“பிள்ளை, சட்டத்தரணி அம்மா அமத்திப் பார்த்தாவாம்.
வீடு வரேல்லையாம்.
நீர் எங்கேயோ எழுத்துப் பிழை விட்டிருக்கிறீர்.”

பெரிய ‘ஓ’வைப் பூச்சியமாக்கினேன்.
பூச்சியத்தைப் பெரிய ‘ஓ’ ஆக்கினேன்.
சின்ன ‘எல்’லை ஒன்றாக்கினேன்.
என் பிழையாகவே இருக்கட்டும் என்று
கோணேசருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு
திரும்பவும் அடித்தேன்.
ஒவ்வொரு முறையும் அதே வெள்ளைப் பக்கம்,
அதே இலக்கம்.

“நானூற்று நாலோ?” திரையை எட்டிப் பார்த்தார்.
“அது வேற ஆற்றையோ வீடு.
எங்கட இலக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.”

எப்படிச் சொல்வது.
குறுக்கித் தந்த கம்பனி சாத்திவிட்டது.
படத்தை வைத்திருந்த கம்பனி
அதற்கு முதலே சாத்திவிட்டது.
இல்லாத ஒரு வாசல்
இல்லாத இன்னொரு வாசலைக் கைகாட்டியபடி
எத்தனை காலம் நின்றதோ.
படமெடுத்த பெடியன் ரெமிஜியஸ்
எந்த நாட்டில் என்று அவன் தமக்கைக்கே தெரியாது.

சீனன்குடாக் காட்டுக்குள்
வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள்
எண்பது வருஷமாய் நிற்கின்றன.
கைவிட்டுப் போனால்
துருவாவது மிஞ்சும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அறிவித்தல் அனுப்பினார்களாம், தொண்ணூறு நாள் தவணையோடு.
எந்தப் பெட்டிக்கு?
இந்த ஒரு வேலைக்காக நான் திறந்து
அடுத்த கிழமையே கடவுச்சொல்லை மறந்த பெட்டிக்கு.

“காணி எடுத்த ஆக்கள்கூட
புளியமரத்தில ஒரு கடதாசி ஒட்டிப்போட்டுத்தானே போனவை,”
என்றார் பூபாலபிள்ளை.
கோபமில்லை.
இரண்டையும் நிறுத்துப் பார்த்த மாதிரி.

படத்தில் என்ன இருந்தது, கேட்டேன்.

நீலச் சுவர். அரைவாசிதான் பூசினது.
கிணற்றுக்கட்டில் ஒரு சவர்க்காரப் பெட்டி.
வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நான்.
மேல் பொத்தான் இல்லை,
அதுக்கு மனுசி இண்டைக்கும் ஏசுவா.
பின்னால ஒரு கோழி. அது எங்கடதில்லை.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.
கோழியையும் அடித்தேன்.
“இப்படி எழுதினா எடுப்பினமோ?”
தெரியாது என்றேன்.

காசு வேண்டாமென்றதும்
ஒருதரம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.
“அப்ப பிழை உம்மட பக்கம்தான்.”
நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

படியிறங்கும்போது
மானொன்று கழுத்தை நீட்டியது.
புதுத்தாள் கையிலேயே இருக்க,
பழையதை மட்டும்
அவசரமாய்ச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.